ஒரு லோரி ரப்பர் கட்டையிலிருந்து தொண்ணூற்றைந்து கட்டு விறகு

மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரு விறகை உருவி, நடுவில் பிளந்து, புதிதாகத் தெரிந்த உள்முகத்தில் ஈரம் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசியையும் அழுத்தியபோது 17 விழுக்காடு காட்டியது. முதல் அடுக்கு பூசணம் பிடித்து வீணானது. இரண்டாவதில் பாதி விற்றது, பாதி திரும்பி வந்தது. மலேசியாவின் ஜொகூரில் உள்ள லாபிஸ் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில், சாயங்காலத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் மட்டும் வைத்துக்கொண்டு விறகு, சுள்ளி விற்றுப் பக்க வருமானம் பார்க்க முடியுமா என்று தொடங்கிய வேலையின் குறிப்பு இது. முடியும். ஆனால் மரம் வெட்டுவதில் காசு இல்லை, காயவைப்பதில்தான் இருக்கிறது. அது புரிய இரண்டு அடுக்கு போயிற்று.

மரம்

ரப்பர் மரம் பால் வற்றி 25, 30 வருஷத்தில் சாய்க்கப்படும். மறுநடவு நடக்கும் தோட்டத்தில் குத்தகைக்காரர் அடிமரத்தை அறுவை ஆலைக்கு ஏற்றிவிடுவார். நமக்கு வேண்டியது அவர் விட்டுப்போகும் கிளை: 8 முதல் 15 சென்டிமீட்டர் பருமன். அதற்கு மேல் பருத்தால் பிளக்கும் நேரம் கூடும். அதற்குக் கீழே போனால் தோல்தான் அதிகம், கட்டை குறைவு. ஒரு டன் லோரியில் கொண்டுவந்து இறக்க 150 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம். பச்சைக் கட்டையைப் பிளந்து நெருக்கமாக அடுக்கினால் ஏறக்குறைய 1.8 கன மீட்டர் வரும். லோரி தாங்கும் எடை அவ்வளவுதான். இன்னும் இரண்டு வரிசை ஏற்றலாம் என்று ஆசைப்பட்டு, தோட்டத்து மண் ரோட்டில் பின் டயர் ஒன்று போனது.

எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் கட்டையை ரோட்டில் ஏற்றக்கூடாது. எந்த நிலத்தில், யார் அனுமதியில், எந்தத் தேதியில் எடுத்தது என்று குத்தகைக்காரரிடமோ நில உரிமையாளரிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வனக் காப்பு நிலத்தில் விழுந்து கிடக்கும் கட்டையை, ‘யாரும் எடுக்கவில்லையே’ என்று இழுத்துவருவது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம். சதுப்பு நிலக் கட்டைக்கும் அதுவேதான்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) மரம் சும்மாவே கிடைக்கும். மறுநடவில் கொத்திப் போட்ட தண்டுகளை எடுத்துப்போகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு லோரி ஏற்றி வந்தோம். பெரிய தவறு. செம்பனைத் தண்டு தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி. கோடாலி பட்டால் பிளக்காது, நார் நாராகக் கிழியும். மூன்று வாரத்தில் புளித்த வாடை, ஐந்தாவது வாரத்தில் புழு. கொண்டுவந்த கூலியும் போய், அப்புறப்படுத்த இன்னொரு கூலி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டுத் தோட்டத்தில் வெட்டும் ரம்புத்தான் கிடைத்தால் விடாதீர்கள்; கனம், தணல் நிற்கும். டுரியான் கட்டை லேசு, பற்றிக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் சாம்பலாகும். கறுப்புப் பிசின் வடியும் ரெங்காஸ் மரத்தைத் தொடவே வேண்டாம். அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துப் போகும்.

அடுத்தது நாற்காலித் தொழிற்சாலைத் துண்டு. மூவார் பக்கம் ரப்பர் கட்டையில் மரச்சாமான் செய்யும் தொழிற்சாலைகள் ஏராளம். இழைத்து, சதுரமாய், கைக்கு அடக்கமாய் வெட்டிய துண்டுகள் சாக்கு சாக்காகக் கிடைக்கும். சுள்ளிக்கென்றே செய்தது போல இருக்கும். இருபது சாக்கு வாங்கியாயிற்று. இரண்டாம் முறை போனபோது அங்கே வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: “அண்ணே, இதை எதுக்குக் கொண்டுபோறீங்க, சமைக்கவா? இது மருந்துல ஊறின கட்டை அண்ணே.”

அவர் சொன்னது சரி. ரப்பர் கட்டையில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாளிலேயே பூசணமும் துளைக்கும் வண்டும் ஏறிவிடும். அதனால் மரச்சாமானுக்குப் போகும் பலகையை அழுத்தக் கலத்தில் வைத்து போரான் மருந்தை ஏற்றிய பிறகுதான் உலர்த்துவார்கள். பல் பல்லாகக் கோத்து ஒட்டிய துண்டில் பசையும் இருக்கும். பொங்கல் பானைக்குக் கீழே வைக்கிற சாமான் இல்லை அது. இருபது சாக்கையும் திருப்பிக் கொடுத்தோம், காசு திரும்பவில்லை. அறுவை ஆலையில் மருந்துக்குப் போகும் முன்பே ஒதுக்கும் தோலோடு கூடிய ஓரப் பலகை சரி. அடையாளம் சுலபம்: தோல் ஒட்டியிருந்தால் எடுக்கலாம், இழைத்த முகம் இருந்தால் விட்டுவிடலாம்.

வெட்டு

சீனத் தயாரிப்பு 52 சிசி செயின்சா, செயின் ஓடும் தகடு (பார்) 20 அங்குலம், 350 வெள்ளி. கிளை அறுக்க 16 அங்குலமே போதும். கனம் குறையும், கை வலி குறையும். பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 40 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்) எண்ணெய். இந்த ரக மெஷினுக்கு அதுதான் கணக்கு. கண்ணளவில் ஊற்றினால் ப்ளக் கறுத்து நிற்கும். பாருக்கு விடும் எண்ணெயில் ஒரு விஷயம். பலர் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவார்கள். சமைக்கப் போகும் விறகில் அது தெறிக்கும். நாங்கள் சாதாரணச் சமையல் எண்ணெய் ஊற்றுகிறோம். வேலை முடிந்ததும் செயினைத் துடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பிசின் போல் இறுகி நிற்கும்.

ரப்பர் மரத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு வம்பு உண்டு. பால்வெட்டிய மரத்தில் கிண்ணம் மாட்டிய கம்பியும், பால் வழிய அடித்த தகர மூக்கும் இருக்கும். காலப்போக்கில் தோல் அதன் மேல் வளர்ந்து மூடிவிடும். வெளியே ஒரு சிறு வீக்கம் மட்டும் தெரியும். செயின் அதில் பட்டால் பொறி பறக்கும், ஒரே நொடியில் ஏழெட்டுப் பல் மழுங்கிவிடும். முதல் லோரியில் அடிமரத் துண்டும் கலந்து வந்தது, இரண்டு செயின் போயிற்று. இப்போது வெட்டுத்தழும்பு தெரியும் எந்தத் துண்டையும் தனியே ஒதுக்கி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் சுற்றிலும் தடவிப் பார்க்கிறோம். மேல் கிளையை மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

பச்சைக் கட்டையை அன்றைக்கே அறுத்தால் பால் கசிந்து பாரின் பள்ளத்திலும் செயின் பல்லிலும் ரப்பராக உறையும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால்தான் போகும். நான்கு, ஐந்து நாள் விட்டு அறுத்தால் பால் அடங்கிவிடும். அதற்கு மேல் விடாதீர்கள், வண்டு வந்துவிடும்.

தரையில் வைத்து அறுக்கக் கூடாது. மண் பட்டால் செயின் கெடும். இரண்டுக்கு இரண்டு சட்டத்தில் எக்ஸ் வடிவில் இடுப்புயரத் தாங்கி ஒன்று அடித்தோம், 28 வெள்ளி ஆனது. தாங்கியின் குறுக்குச் சட்டத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு ஆணி அடித்துவிட்டால் அளவுகோல் தேவையில்லை. வீட்டு அடுப்புக்கும் பொங்கலுக்கும் 30, கோயில் அன்னதான அண்டாவுக்கு 45. மூங்கிலுக்குள் அரிசி வேகவைக்கும் லெமாங் சுடுகிறவர்கள் மூங்கிலை வரிசையாகச் சாய்த்து நீளமாகத் தீ மூட்டுவார்கள், அவர்களுக்கு 60.

அரம் 4.8 மில்லிமீட்டர் உருண்டை, 30 பாகைச் சாய்வு. பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு இரண்டு இழுப்பு. தூள் மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது, சீவல் சீவலாக விழுந்தால் சரி. கண்ணாடி, கனத்த பூட்ஸ், காதடைப்பு எல்லாம் சேர்த்து 130 வெள்ளி. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிளப்பு

ரப்பர் கட்டை பச்சையாக இருக்கும்போது நேராகப் பிளக்கும். காய்ந்தபின் கோடாலியைக் கவ்விக்கொள்ளும். அதனால் அறுத்த அன்றைக்கோ மறுநாளோ பிளந்துவிட வேண்டும். 3.6 கிலோ பிளப்புக் கோடாலி, 85 வெள்ளி. கணு இருக்கும் துண்டோடு மல்லுக்கட்டாதீர்கள். ஓரமாய்ப் போட்டுவையுங்கள், கோயில் அண்டாவுக்கு முழுசாகவே போகும். பிளந்த முகம் 8 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். முதலில் 12 விட்டோம். வெளியே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருந்தது. திரும்பி வந்த கட்டுகள் எல்லாம் அந்தப் பருமன்தான்.

உலர்த்துதல்

முதல் அடுக்கு செத்தது மழையால் இல்லை, கேன்வாஸால். மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினோம். பச்சை ரப்பர் கட்டையிலிருந்து வெளியேறும் ஈரம் உள்ளேயே நின்று, பத்து நாளில் கறுப்புப் பூசணம், மூன்று வாரத்தில் வெள்ளைக் காளான். கையில் எடுத்தாலே புளிச்ச வாடை. எரியத்தான் எரிந்தது, ஆனால் அந்தப் புகை வாடையோடு சாதம் பொங்க யாரும் வாங்க மாட்டார்கள்.

இப்போது கூரை மட்டும்தான், சுவர் கிடையாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் மேல் பாலேட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு). தரைக்கும் விறகுக்கும் இடையே 20 சென்டிமீட்டர். கரையான் ஏறினால் கல்லிலேயே மண்கோடு தெரியும், தட்டிவிடலாம். ஒரே வரிசை ஆழம். இரண்டு வரிசை ஒட்டி அடுக்கினால் நடுவில் காற்றே போகாது. வரிசைக்கு வரிசை ஒரு முழம் இடைவெளி. தகரக் கூரை இருபுறமும் 60 சென்டிமீட்டர் நீட்டல், மேலே ஒரு அடி காலி. பழைய தகரம் எட்டு, கம்பு, ஆணி எல்லாம் சேர்த்து 210 வெள்ளி. தகரம் வெயிலில் கொதித்து மேல் வரிசையைச் சீக்கிரம் காயவைக்கும், கீழ் வரிசை பின்தங்கும். ஆறாவது வாரத்தில் மேலதைக் கீழேயும் கீழதை மேலேயும் மாற்றி அடுக்குகிறோம். அரை நாள் வேலை, ஆனால் இரண்டு வாரம் மிச்சம்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்வார்கள். ‘ணங்’ என்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் பச்சை. மேல்தோல் காய்ந்த கட்டையும் ‘ணங்’ என்றுதான் சொல்லும். அதனால்தான் இரண்டாவது அடுக்கு பாதி திரும்பி வந்தது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துண்டுக்கு நீலச் சாயம் பூசி வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையல் தராசில் நிறுத்து, தகரக் கொட்டகைக் காலில் பென்சிலால் எழுதிவிடுவது. மூன்றாவது அடுக்கின் சாயத் துண்டு பிளந்த அன்று 1,420 கிராம். நான்காம் வாரம் 1,190. எட்டில் 1,050. பன்னிரண்டில் 985. அடுத்த வாரமும் அதேதான். எடை நின்றுவிட்டால் இந்த ஊர்க் காற்றில் இதற்குமேல் காயாது. அதற்குப் பிறகுதான் மீட்டர். 45 வெள்ளி ஊசி மீட்டர் போதும், ஆனால் வெளிமுகத்தில் குத்தினால் பொய் சொல்லும். புதிதாகப் பிளந்த உள்முகத்தில், நார் ஓடும் திசையில் குத்த வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே வராத எதையும் கட்டுவதில்லை. முப்பதுக்கு மேல் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ‘பச்சை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜொகூரில் நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கனமழை வழக்கமாக பிப்ரவரியில் குறைந்துவிடும், ஆனாலும் 2023 மார்ச்சில் லாபிஸ், சிகாமட் வட்டாரம் வெள்ளத்தில் நின்றது மறக்காது. ஆனால் விறகுக்குக் கிராக்கி தீபாவளி முறுக்குச் சட்டியிலிருந்து தொடங்கி, தைப் பொங்கல், தைப்பூச அன்னதானம் என்று மழைக்குள்ளேயே போகிறது. லெமாங் சுடும் நோம்புப் பெருநாள் 2025ல் மார்ச் 31ல் வந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, அதுவும் மழையை நோக்கி வருகிறது. ஆக, ஜூலைக்குள் பிளந்து அடுக்கியது மட்டும்தான் பண்டிகைக்கு ஆகும். செப்டம்பரில் அடுக்கினால் பொங்கலுக்குப் பச்சைக் கட்டைதான்.

மழைக்குள் அவசரத்துக்குக் காய்கறித் தோட்டக்காரர்கள் போடும் 200 மைக்ரான் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு கூடாரம் போட்டோம். முதலில் எல்லாப் பக்கமும் மூடினோம், கேன்வாஸ் பாடத்தை மறந்து. மறுநாள் காலை உள்பக்கம் தண்ணீர் சொட்டியது. அடியில் ஒரு சாண், உச்சியில் ஒரு சாண் திறந்துவிட்டதும் சரியானது. வெயில் இருக்கும் வாரத்தில் தகரக் கொட்டகையைவிட வேகம், தொடர்மழையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

சுள்ளி

விறகைவிடச் சுள்ளியில்தான் கிலோவுக்கு அதிகக் காசு. நேரமும் அதிகம். காய்ந்த, கணுவில்லாத துண்டை 20 சென்டிமீட்டர் நீளம், கட்டைவிரல் பருமனாகப் பிளக்க வேண்டும். பாராங் வெட்டுக்கத்தியை ஓங்கி வெட்டிப் பிளப்பதை உடனே நிறுத்துங்கள். பத்து நாளில் ஒரு விரல் போகும். பட்டறையில் லோரியின் பழைய இலை ஸ்பிரிங்கில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டுத்தகடு அடிக்கச் சொன்னோம், 40 வெள்ளி. கட்டையின் தலையில் அதை வைத்து, மேலே ரப்பர் கட்டைச் சுத்தியால் ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் பிளந்துவிடும். துண்டைப் பிடித்திருக்கும் கை தகடு இறங்கும் வழியில் இருக்கவே கூடாது. பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் பிடிக்கவே தேவையில்லை.

ஆறு அங்குல பிவிசி பைப்பில் 20 சென்டிமீட்டர் வெட்டி, அதற்குள் சுள்ளியை நெருக்கித் திணித்து, இரண்டு இடத்தில் ராபியா பிளாஸ்டிக் கயிறு கட்டி, பைப்பை உருவிவிட்டால் ஒரு கட்டு. 1.4, 1.5 கிலோ இருக்கும், எல்லாக் கட்டும் ஒரே அளவு. விறகுக்கு 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையம், 6 கிலோ.

பாலேட் கட்டையும் சுள்ளிக்கு நல்லது. பாலேட்டின் பக்கவாட்டில் முத்திரை குத்தியிருக்கும். ‘எச்டி’ (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொட வேண்டாம். எண்ணெய்க் கறை இருந்தால் எந்த முத்திரையானாலும் வேண்டாம்.

தோட்டத்துப் பழக்கத்தில் சிலர் ஒட்டுப்பாலையோ (உறைந்த ரப்பர் பாலையோ) சைக்கிள் டயர்த் துண்டையோ வைத்துத் தீ மூட்டுவார்கள். பற்றிக்கொள்ளும், ஆனால் கறுப்புப் புகையும் பானைக் கரியும் போகாது. அதற்குப் பதில் ஒவ்வொரு சுள்ளிக் கட்டோடும் ஒரு பிடி தேங்காய் மட்டை நார் செருகிக் கொடுக்கிறோம். மழைநாளில்கூட ஒரே குச்சியில் பிடிக்கும்.

விற்பனை, கணக்கு

எஸ்.எஸ்.எம் (மலேசிய நிறுவன ஆணையம்) வியாபாரப் பதிவு சொந்தப் பெயரில் வருஷத்துக்கு 30 வெள்ளி, வேறு வியாபாரப் பெயர் வைத்தால் 60. மாவட்ட மன்றத்திலும் விசாரித்துக்கொள்ளுங்கள், கட்டையை வீட்டு வாசலில் குவித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் அவர்கள் வந்துவிடுவார்கள்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு வாரம் கடை போட்டோம், ஏழு கட்டு விற்றது. விறகு அங்கே ஓடாது. காய்கறிப் பையோடு யாரும் 6 கிலோவைத் தூக்கிப் போகமாட்டார்கள். ஓடியது மூன்று இடத்தில்: கல்யாணச் சமையல்காரர்கள், கோயில் கமிட்டி, பொங்கலுக்கு முன் பத்து நாள் மளிகைக் கடை வாசல். கடைக்காரருக்குக் கட்டுக்கு ஒரு வெள்ளி கொடுத்தால் அவரே விற்றுவிடுவார். பொங்கலுக்கு மட்டும் ஒரு விறகுக் கட்டும் ஒரு சுள்ளிக் கட்டும் நாரும் சேர்த்து உரச்சாக்கு அல்லாத சுத்தமான கோணிப்பையில் போட்டு 12 வெள்ளிக்குக் கொடுத்தோம். வீட்டு முன்னால் மூன்று செங்கல் வைத்து ஒரு கிலோ அரிசி பொங்க 6 கிலோ காய்ந்த விறகு தாராளம், மிஞ்சும்.

“ஆச்சி, போன வருஷக் கட்டை எப்படி இருந்தது?” என்று கேட்டால், “கண்ணுல தண்ணி வரலப்பா” என்பதுதான் நல்ல பதில்.

மூன்றாவது லோரியின் கணக்கு இது. காய்ந்தபின் ஏறக்குறைய 700 கிலோ. தோல், உளுத்தது, கணு போக 630. அதில் விறகு 95 கட்டு, கட்டுக்கு 7 வெள்ளி: 665. சுள்ளி 40 கட்டு, 4 வெள்ளி வீதம்: 160. வரவு 825. செலவு: கட்டை 150, பெட்ரோலும் எண்ணெயும் 28, செயின் தேய்மானம் 15, கயிறு 9, கொண்டுபோய்ச் சேர்க்க 60, உதவிக்கு ஒரு தம்பி இரண்டு நாள் 140. மொத்தம் 402. கையில் 423. நாங்கள் போட்ட நேரம் 40 மணி. மணிக்குப் பத்தரை வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.72, அதைவிடக் கொஞ்சம் மேலே. கடைக்காரர் கழிவும், மெஷினும் கொட்டகையும் போட்ட முதலும் இதில் இல்லை. முதல் மட்டும் திரும்ப இரண்டு லோரி ஆகும்.

அடுத்த தடவை மாற்றப் போவது: 52 சிசியை விற்றுவிட்டு 16 அங்குலச் சின்ன மெஷின். மே மாதத்திலேயே இரண்டு லோரி இறக்கி ஜூனுக்குள் பிளந்து முடிப்பது. தகரக் கொட்டகையை மேற்குப் பக்கம் திருப்பிக் கட்டுவது; இப்போது பக்கத்து வீட்டுச் சுவர் காற்றை மறைக்கிறது. பிறகு அடுக்குக்குள் கை விடும் முன் கம்பால் தட்டுவது. போன மாதம் நான்காவது பாலேட்டுக்கு அடியில் ஒரு நல்ல பாம்பு சுருண்டு கிடந்தது.